ரோட்டு மேல இருக்கற பெட்ரூம்ல பகல்ல தூங்கணும்னா: வெளிச் சத்தத்தைக் குறைக்க என்னென்ன பண்ணலாம்

என் மனைவி நர்ஸ், மாசத்துல பத்துப் பன்னெண்டு நாள் நைட் டூட்டி. காலைல எட்டரைக்கு வந்து குளிச்சு ரெண்டு இட்லி சாப்டுட்டுப் படுத்தாங்கன்னா மதியம் மூணு மணி வரைக்காவது தூங்கணும், இல்லன்னா அடுத்த ராத்திரி வார்டுல நிக்கவே முடியாது. எங்க வீடு வடபழனி பக்கம், பஸ் போற ரோட்டு மேல முதல் மாடி, பெட்ரூம் ஜன்னலைத் திறந்தா நேரா ரோடு. ஒன்பது மணிக்கு ஸ்கூல் வேன் ஹாரன், பத்து மணிக்கு ஸ்பீக்கர் கட்டின தக்காளி வண்டி, அப்புறம் பழைய இரும்பு பழைய பேப்பர், நடுநடுவுல பஸ் பிரேக் போட்டுக் கிளம்புற உறுமல். ரூமை மாத்திக்கலாமேனு கேப்பீங்க, பின்பக்க ரூம்ல அம்மா இருக்காங்க, அவங்களுக்கு பாத்ரூம் ஒட்டி இருக்கணும், அதனால அது முடியல. உங்க வீட்ல முடியும்னா முதல்ல அதைப் பண்ணுங்க, ரோட்டைப் பார்க்காத ரூம்ல படுக்கறதை விட பெரிய வைத்தியம் எதுவும் கிடையாது, காசும் ஆகாது.

மாத்த முடியாதவங்களுக்குத்தான் இதை எழுதறேன். நாங்க ஒரு வருஷமா ஒவ்வொண்ணா பண்ணிப் பார்த்தோம், எது வேலை செஞ்சுது எது செய்யலைனு தெரியும். முதல்ல பண்ணது தப்பு, அதையும் சொல்லிடறேன். ஒரு கடைல போய் வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாதுன்னு கேட்டோம், அவங்க முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமா இருக்கற கருப்பு ஃபோம் ஷீட்டைக் குடுத்தாங்க, ஒரு சுவர் முழுக்க ஒட்டினோம். ரூம்ல பேசினா எதிரொலி குறைஞ்சுது, பஸ் சத்தம் அப்படியே வந்துச்சு. ஏன்னா அந்த ஃபோம் ரூமுக்குள்ள சுத்தற சத்தத்தைத்தான் கொஞ்சம் உறிஞ்சும், வெளிய இருந்து வர்றதைத் தடுக்காது. தடுக்கணும்னா ரெண்டு விஷயம் வேணும், ஒண்ணு காத்துப் போகாத அடைப்பு, இன்னொண்ணு கனம். ஃபோமுக்கு இந்த ரெண்டும் இல்ல. முட்டை அட்டையும் அப்படித்தான். தடி கர்ட்டன் இருட்டுக்கு நல்லது, சத்தத்துக்கு ரொம்பக் கொஞ்சம்தான் உதவும், அதை நம்பி ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க.

கனம்னா என்னன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒன்பது இன்ச் செங்கல் சுவர்ல ஒரு சதுர அடி எடுத்தா சுமார் 40 கிலோ இருக்கும், ஜன்னல்ல இருக்கற 4 எம்எம் கண்ணாடி ஒரு சதுர அடி ஒரு கிலோ கூட வராது. சத்தம் அந்த ஒரு கிலோவைத்தான் தேடி வரும், சுவர் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்காது. அதுக்கும் முன்னாடி ஓட்டை. 100 சதுர அடி சுவத்துல ஒரு சதுர அடிக்குத் திறப்பு இருந்தா, மீதி சுவர் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் மொத்தமா 20 டெசிபெல்லுக்கு (சத்தத்தை அளக்கற அலகு) மேல தடுக்காது. அதனாலதான் முதல்ல இடுக்கு, ரெண்டாவது கண்ணாடி, சுவர் கடைசி. இந்த வரிசையை மாத்தினா காசு வீண், இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அளந்து வச்சுக்கங்க. போன்ல டெசிபெல் ஆப் ஏதாவது ஒண்ணு போதும், அது காட்டற நம்பர் துல்லியமா இருக்காது ஆனா ஒரே போன், ஒரே ஆப், தலகாணி இருக்கற அதே இடம், அதே நேரம், ஃபேன் ஏசி ஆஃப், பத்து நிமிஷ ஆவரேஜ்னு வச்சுக்கிட்டா முன்னயும் பின்னயும் ஒப்பிட நல்லா உதவும். எங்களுக்கு ஜன்னல் சாத்தி இருக்கும்போது 58 காட்டுச்சு. டெசிபெல் கணக்கு நம்ம சாதாரணக் கணக்கு மாதிரி இல்ல, 10 குறைஞ்சாலே காதுக்குப் பாதியான மாதிரி கேக்கும், 3 குறைஞ்சா ஏதோ குறைஞ்ச மாதிரி இருக்கேங்கற அளவுக்குத்தான் தெரியும். உலக சுகாதார அமைப்பு 1999-ல குடுத்த வழிகாட்டுதல்ல படுக்கையறைக்குள்ள 30 டெசிபெல்னு சொல்லியிருக்கு. சென்னைல மெயின் ரோட்டு மேல அது கிடைக்கறது கஷ்டம், 40 பக்கம் வந்தாலே தூக்கம் வந்துடும், எங்க அனுபவத்துல சொல்றேன்.

இப்போ இடுக்கு தேடற வேலை. ராத்திரி ரூம்ல லைட்டை அணைச்சுட்டு ஒருத்தர் பால்கனில இருந்து ஜன்னல் ஓரமா டார்ச் அடிங்க, உள்ள இருக்கறவங்களுக்கு வெளிச்சம் எங்கெல்லாம் கசியுதுன்னு தெரியும், வெளிச்சம் வர்ற இடம் எல்லாம் சத்தமும் வர்ற இடம். வளைஞ்சு போற இடுக்குல வெளிச்சம் தெரியாது, அதுக்கு ஊதுபத்தி. ரூம் ஜன்னலெல்லாம் சாத்திட்டு அட்டாச்சுடு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு விட்டு ஊதுபத்தியை ஜன்னல் ஓரம், நிலை ஓரம், ஏசி பைப் ஓட்டை, ஸ்விட்ச் போர்டு பக்கமெல்லாம் மெதுவா நகர்த்துங்க, புகை எங்க சாயுதோ அங்க காத்து வருது (கர்ட்டனை முதல்ல கழட்டிடுங்க, தீப்பிடிக்கற பொருள் பக்கத்துல வேணாம்). மூணாவது, ஒரு துண்டு பேப்பரை ஷட்டருக்கும் (திறந்து மூடற ஜன்னல் கதவு) சட்டத்துக்கும் நடுவுல வச்சு சாத்தி இழுத்துப் பாருங்க, சும்மா வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்துல பிடிப்பு இல்லனு அர்த்தம். என் மனைவி ஒரு படி மேல போய் பழைய ஸ்டெத்தஸ்கோப்ல அந்த வட்டத்தைக் கழட்டிட்டு வெறும் ட்யூபை ஓரமா நகர்த்திக் கேட்டாங்க, மரச் சட்டத்துக்கும் சுவத்துப் பூச்சுக்கும் நடுவுல ஒரு வெடிப்பு இருந்ததை அதுலதான் கண்டுபிடிச்சோம், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, ட்யூபை வச்சா ரோடே கேக்குது.

எங்களுது பழைய பில்டிங், தேக்கு மர ஜன்னல், ரெண்டு ஷட்டர், மேல வென்டிலேட்டர். மர ஷட்டர் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கி எங்கயும் ஒரே மாதிரி உக்காராது. இதுக்கு ரப்பர் பீடிங் ஒட்டணும், ஆனா கடைல குடுக்கற சைஸை வாங்கிட்டு வந்து ஒட்டினா ஒண்ணு ஷட்டர் சாத்தாது இல்லன்னா ரப்பர் தொடவே தொடாது. முதல்ல இடுக்கை அளக்கணும். சப்பாத்தி மாவை சின்ன உருண்டையா உருட்டி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஷட்டர் சட்டத்துல படற இடத்துல அஞ்சாறு எடத்துல வச்சு, சாத்தி தாழ்ப்பாள் போட்டுத் திறந்து பாருங்க, மாவு எவ்வளவு தடிமனுக்கு அமுங்கியிருக்கோ அதுதான் அந்த இடத்து இடுக்கு. 3 எம்எம் இருந்தா 4 இல்ல 5 எம்எம் ரப்பர் வாங்குங்க, அமுங்கணும் ஆனா முழுசா நசுங்கக் கூடாது. நடுவுல காலியா இருக்கற இபிடிஎம் (வெயில் மழை தாங்கற ஒரு வகை) ரப்பர் கேளுங்க, வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் வேணாம், அது ஒரு வெயில் காலம் தாங்காது. பின்னாடி இருக்கற கம்மை மட்டும் நம்பாதீங்க, சட்டத்துல இருக்கற பழைய பெயின்ட் பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தின்னர்ல துடைச்சுக் காய வச்சு, பெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசை போட்டு ஒட்டுங்க. மூலைல ரப்பரை வளைக்காம 45 டிகிரி வெட்டி சேருங்க, அந்த மூலைலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

ரப்பர் ஒட்டின பிறகு ஷட்டர் கொஞ்சம் விறைப்பா சாத்தும், அப்போ ஒரு தாழ்ப்பாள் பத்தாது, மேல ஒண்ணு கீழ ஒண்ணு வேணும், இல்லன்னா நடுவுல ஒட்டி மேல பிதுங்கி நிக்கும். எங்க கார்பென்டர் அண்ணன் கீலை ஒரு நூல் (சுமார் 3 எம்எம்) உள்ள தள்ளி மாட்டிக் குடுத்தார், அதுக்கப்புறம்தான் ரப்பர் சமமா அமுங்குச்சு.

கண்ணாடியையும் விட்றாதீங்க. பழைய மர ஷட்டர்ல கண்ணாடியை மரப் பட்டில வெறும் சின்ன ஆணி அடிச்சு நிறுத்தியிருப்பாங்க, ஓரத்துல பூசியிருந்த புட்டி காஞ்சு உதிர்ந்திருக்கும், பஸ் போறப்ப கண்ணாடி கடகடன்னு ஆடும். சுத்தி சிலிக்கான் விட்டா ஆட்டம் நின்னுடும். சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற வெடிப்புக்கு உள்பக்கம் அக்ரிலிக் சீலன்ட் நல்லது, மேல பெயின்ட் அடிக்கலாம், சிலிக்கான் மேல பெயின்ட் நிக்காது. வெடிப்பு ஆழமா இருந்தா முதல்ல ஃபோம் கயிறு திணிச்சுட்டு மேல சீலன்ட் போடுங்க, இல்லன்னா ட்யூப் ட்யூபா உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

ஏசி பைப் போற ஓட்டையைக் கண்டிப்பா பாருங்க. மூணு இன்ச் ஓட்டை போட்டு பைப்பை விட்டுட்டு மேலாப்ல வெள்ளை சிமென்ட் தடவிட்டுப் போயிருப்பாங்க, உள்ள வெத்து. நாங்க அதைத் தோண்டி எடுத்து நடுவுல ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு) அடைச்சு உள்பக்கமும் வெளிப்பக்கமும் சிமென்ட் கலவை வச்சு மூடினோம். ஸ்ப்ரே ஃபோம் அடிச்சா போதும்னு சொல்வாங்க, அது காத்தை நிறுத்தும் ஆனா எடை இல்ல, அது மட்டும் போதாது. ராக்வூல் தொடும்போது கிளவுஸ், மாஸ்க் போட்டுக்கங்க, அரிக்கும்.

பெட்ரூம் கதவு. வெளிச் சத்தத்துக்கும் உள் கதவுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் நினைச்சேன், ஆனா ஹால் பால்கனி கதவு பகல் முழுக்கத் திறந்துதான் இருக்கும், ரோட்டு சத்தம் ஹால் வழியா சுத்தி வந்து கதவுக்கு அடியில நுழையும். மூணடி கதவுக்கு அடியில அரை இன்ச் இடுக்குன்னா 18 சதுர இன்ச், அதாவது சுவத்துல நாலே கால் இன்ச்சுக்கு நாலே கால் இன்ச் சதுரமா ஒரு ஓட்டை போட்டு வச்ச மாதிரி. கதவு அடியில ஸ்க்ரூ போட்டு மாட்டற ரப்பர் பட்டி வாங்கி மாட்டுங்க, டைல்ஸை லேசாத் தொடற மாதிரி. கதவு சாத்தும்போது தானா கீழ இறங்கற சீலும் இருக்கு, அது இன்னும் நல்லது, விலை கூட. தட்டினா தகரம் மாதிரி ஓசை வர்ற பொள்ளல் (உள்ள காலியா இருக்கற) கதவுன்னா அடியில எவ்வளவு அடைச்சாலும் ஓரளவுக்குத்தான், கதவையே மாத்தணும்.

இவ்வளவுக்கும் எங்களுக்கு ஆன செலவு ரெண்டாயிரத்துக்குள்ள, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை, 58 இருந்தது 51 ஆச்சு. ஹாரன், வண்டிக்காரர் குரல், ஆட்டோ கிரீச் எல்லாம் நல்லாவே குறைஞ்சுது. பஸ் உறுமல் குறையல. இது ஏன்னு புரிஞ்சுக்கறது முக்கியம், இல்லன்னா ஏமாந்துட்டோம்னு தோணும். ஹாரன் மாதிரி கீச்சு சத்தம் சின்ன இடுக்கு வழியா நுழையும், அடைச்சா நிக்கும். இன்ஜின் உறுமல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற அடித்தொண்டை சத்தம், அது கண்ணாடியையே ஆட்டி உள்ள வரும், அதுக்குக் கனமும் இடைவெளியும் வேணும்.

அடுத்து கண்ணாடி. இங்கதான் பெரிய செலவு, இங்கதான் தப்பான ஆலோசனையும் அதிகம். டபுள் கிளேசிங் போட்டா சத்தமே வராதுன்னு சொல்வாங்க. ஒரே ஷட்டருக்குள்ள 6 எம்எம் கண்ணாடி, நடுவுல 12 எம்எம் காத்து, இன்னொரு 6 எம்எம் கண்ணாடி, இதுதான் வழக்கமா வர்றது. வெயிலுக்கு இது நல்லது. ரோட்டு சத்தத்துக்கு 6 எம்எம் ஒத்தைக் கண்ணாடியை விட ஒண்ணு ரெண்டு டெசிபெல் தான் கூடத் தடுக்கும். நடுவுல இருக்கற காத்து குறுகலா இருந்தா அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், இந்த அளவுக்கு 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல ரெண்டு கண்ணாடியும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும், பஸ் உறுமல் இருக்கறதும் அங்கதான். அதே ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல 100 எம்எம் விட்டீங்கன்னா அந்த ஆட்டம் 70-க்குப் போயிடும், காதுக்கு உறுத்தற சத்தத்துல பெரும்பகுதி அதுக்கு மேலதான் இருக்கு, அது நல்லா குறையும்.

அதனால பழைய ஜன்னலைப் பிடுங்காம உள்பக்கம் ரெண்டாவது ஜன்னல் ஒண்ணு போடறதுதான் வழி. ஒன்பது இன்ச் சுவர்ல பழைய சட்டம் வெளிப்பக்கமா உக்காந்திருந்தா உள்பக்கம் நாலு நாலரை இன்ச் இடம் இருக்கும், நம்ம ஊரு வீடுகள்ல நிறைய இடத்துல இருக்கு, இப்போ பூந்தொட்டி வைக்கற இடம் அது. எங்களுக்கு 4 அடிக்கு 4 அடி ஜன்னல், யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டம், உள்பக்கம் திறக்கற ரெண்டு ஷட்டர், 6.38 லேமினேட்டட் கண்ணாடி. 6.38-ன்னா ரெண்டு 3 எம்எம் கண்ணாடிக்கு நடுவுல 0.38 எம்எம் பிளாஸ்டிக் படலம், காருக்கு முன் கண்ணாடி மாதிரி. அந்தப் படலம் கண்ணாடி அதிரறதை மட்டுப்படுத்தும். ஆர்டர் குடுக்கும்போது மூணு விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க.

முதல்ல, ஸ்லைடிங் வேணாம். ஸ்லைடிங்ல ஓரத்துல இருக்கறது பிரஷ் மாதிரி பஞ்சுதான், நடுவுல ரெண்டு ஷட்டர் சேர்ற இடத்துல எப்பவும் இடுக்கு. கீல் வச்சுத் திறக்கற ஷட்டர் தாழ்ப்பாள் போட்டா ரப்பர் மேல அமுங்கும், ஃபேப்ரிகேட்டர் ஸ்லைடிங் சல்லிசுன்னு சொல்வார், கேக்காதீங்க. ரெண்டாவது, உள்ள போடற கண்ணாடியும் வெளிய இருக்கற கண்ணாடியும் ஒரே தடிமன்ல இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடிமனுக்கும் அது சுலபமா சத்தத்தை விட்டுடற ஒரு சுருதி இருக்கு, 6 எம்எம்னா 2000 ஹெர்ட்ஸ் பக்கம், 4 எம்எம்னா 3000 பக்கம். வேற வேற தடிமன் வச்சா ஒண்ணு விடறதை இன்னொண்ணு பிடிக்கும். மூணாவது, கீல். இந்த அளவுல ஒரு ஷட்டர் கண்ணாடி மட்டுமே 11, 12 கிலோ, சாதா கீல் போட்டா ஆறு மாசத்துல தொங்கிடும், தொங்கினா ரப்பர் பிரிஞ்சுடும்.

ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல இருக்கற சுவர் ஓரத்துல, நாலு பக்கமும், ஒரு இன்ச் ஃபோம் பட்டி ஒட்டினோம். ஆமா, சுவத்துல ஒட்டின அந்தக் கருப்பு ஃபோமைத்தான் பிச்சு வெட்டி ஒட்டினோம், அதுக்குச் சரியான இடம் இதுதான், நடுவுல மாட்டின சத்தம் முட்டி மோதறதை உறிஞ்சிக்கும். ஏசியை ரொம்பக் கூலா வச்சா உள் கண்ணாடியோட வெளிமுகத்துல வேர்க்கும், சென்னை காத்துல ஈரம் அவ்வளவு, அதனாலதான் ரெண்டுமே திறந்து துடைக்கற மாதிரி இருக்கணும், ஃபிக்ஸடு கண்ணாடி போட்டு மூடிடாதீங்க. எங்களுக்கு மொத்தம் 18,000 பக்கம் ஆச்சு, உங்க ஊர்ல விலை மாறும். போட்ட அன்னைக்கு அளந்தா 42. பஸ் போறது தெரியுது, ஆனா எங்கயோ போகுதுங்கற மாதிரி தெரியுது. அன்னைக்கு அவங்க காலைல ஒன்பதுக்குப் படுத்து மூணே காலுக்கு எழுந்தாங்க, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ்வளவு நேரம் பகல்ல தூங்கினது அதுதான் முதல் தடவை, அவங்க எழுந்து வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

வாடகை வீட்ல இருக்கறவங்க இதெல்லாம் பண்ண முடியாது, ஓனர் விட மாட்டார். அவங்களுக்கு ப்ளைவுட் பலகை. 19 எம்எம் ப்ளைவுட்டை ஜன்னல் உள்அளவுக்கு ஒரு நூல் கம்மியா வெட்டி, சுத்தி ரப்பர் ஒட்டி, உள்பக்கம் ரெண்டு கைப்பிடி வச்சு, ஜன்னல் குழிக்குள்ள அழுத்திப் பொருத்தறது. எடைக்கு எடை பார்த்தா அது 5 எம்எம் கண்ணாடிக்குக் கொஞ்சம்தான் கம்மி. ரூம் இருட்டாயிடும், பகல்ல தூங்கறவங்களுக்கு அது வரம். எழுந்ததும் எடுத்துக் கட்டிலுக்குப் பின்னாடி சாத்தி வைக்கலாம், காலி பண்ணும்போது கையோட கொண்டு போலாம். ஸ்க்ரூ போட்டு நிரந்தரமா அடைக்காதீங்க, தீ விபத்துன்னா ஒரே இழுப்புல வெளிய வரணும்.

வென்டிலேட்டர் பத்தி தனியாச் சொல்லணும், பயத்தோடயே சொல்றேன். ஜன்னலுக்கு மேல இருக்கற பெட்ரூம் வென்டிலேட்டர் வழியா நிறைய சத்தம் வரும், அதுல கண்ணாடியோ ரெண்டு அடுக்கு சிமென்ட் போர்டோ வச்சு சீலன்ட் போட்டு மூடலாம். ஆனா பாத்ரூம்ல கேஸ் கெய்சர் இருந்தா அந்த பாத்ரூம் வென்டிலேட்டரைத் தொடவே தொடாதீங்க. கேஸ் சரியா எரியலன்னா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் இல்ல வாடையும் இல்ல, உள்ள இருக்கறவங்க மயங்கறதே தெரியாது. சமையலறையும் அப்படியே. இன்வெர்ட்டர் பேட்டரி பெட்ரூம்ல இருந்தா முதல்ல அதை வெளிய எடுத்துட்டு அப்புறம் அடைப்பு வேலை ஆரம்பிங்க.

பெட்ரூமையே இறுக்கி மூடிட்டாலும் மூச்சு விடக் காத்து வேணும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, ரூம்ல இருக்கற காத்தையேதான் சுத்தி விடும், மூணு பேர் ஒரு மூடின ரூம்ல எட்டு மணி நேரம் படுத்தா எழும்போது தலை பாரமா இருக்கும். நாங்க வென்டிலேட்டர் இடத்துல ஒரு பெட்டி செஞ்சு வச்சோம். ப்ளைவுட் பெட்டி, உள்ள முழுக்க ஒரு இன்ச் ஃபோம், வெளிக்காத்து பெட்டியோட ஒரு முனைல நுழையும், நடுவுல ரெண்டு பலகை குறுக்க நிக்கும், காத்து இப்படி அப்படி மடங்கி மடங்கி வந்து மறு முனைல ரூமுக்குள்ள இறங்கும். காத்து மடங்கி வந்துடும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்துலயும் ஃபோம்ல முட்டிக் குறையும். வெளி முனைல கொசு வலை. இதைப் போட்ட பிறகு அளவு ஒரு டெசிபெல் ஏறுச்சு, காத்துக்காக அதை ஏத்துக்கலாம்.

சுவருக்கு வருவோம். ஒன்பது இன்ச் செங்கல் சுவர்னா அதை விட்டுடுங்க, ஒண்ணும் பண்ண வேணாம். நாலரை இன்ச் சுவர், பொள்ளல் பிளாக், பால்கனியை மூடி ரூமாக்கின தடுப்பு, இதுக்கெல்லாம் வேணும்னா சுவத்தைத் தொடாம ரெண்டு இன்ச் தள்ளி ஃப்ரேம் அடிச்சு உள்ள ராக்வூல் வச்சு மேல 12.5 எம்எம் ஜிப்சம் போர்டு ரெண்டு அடுக்கு, ரெண்டாவது அடுக்கோட ஜாயின்ட் முதல் அடுக்கு ஜாயின்ட் மேல வராம, சுத்தி சீலன்ட். ரூம்ல நாலு இன்ச் போயிடும். சுவத்துல தெர்மோகோல் ஒட்டி அது மேல போர்டு ஒட்டறவங்க இருக்காங்க, பண்ணாதீங்க, சில சுருதிகளுக்கு முன்ன இருந்ததை விட சத்தம் கூடிடும். பீரோ, புத்தக அலமாரி இருந்தா ரோட்டுப் பக்க சுவத்துல வைங்க, கட்டில் தலைமாட்டை ஜன்னலை விட்டுத் தூரமா போடுங்க, மூலைக்குள்ள தள்ளாதீங்க, அடித்தொண்டை சத்தம் மூலைலதான் சேரும்.

கீழ் வீட்ல இருக்கறவங்களுக்கு காம்பவுண்டு சுவர் உதவும், ரோட்ல போற வண்டி கண்ணுக்கு மறையற உயரம் இருந்தாதான். மாடில அது பயன்படாது. ஒரு வரிசை செடி மரம் வச்சா பார்க்க நல்லாருக்கும், சத்தம் குறையாது.

இதெல்லாம் பண்ணியும் மிச்சம் இருக்கற சத்தத்துக்கு ஃபேன். பெடஸ்டல் ஃபேனை கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல வைங்க, அந்த ஒரே சீரான ஊஊ சத்தம் திடீர் ஹாரனோட கூர்மையை மழுக்கிடும், தூக்கத்தைக் கலைக்கறது சத்தத்தோட அளவை விட திடீர்னு வர்ற ஏத்தம்தான். இயர் பிளக் வேணும்னா மஞ்சள் ஃபோம் பிளக் சல்லிசு, ஆனா பெரும்பாலானவங்க சரியா வைக்கறதில்ல. விரல்ல நல்லா உருட்டி மெல்லிசாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னாடி சுத்திக் கொண்டு வந்து காது மடலை மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு அரை நிமிஷம் அப்படியே விரலால பிடிங்க, ஊதி நிறையும். காதுல அழுக்கு, சீழ், வலி இருந்தா போடாதீங்க. வீட்ல வேற யாரும் இல்லாதப்ப, சின்னக் குழந்தை பக்கத்துல தூங்கறப்ப போடாதீங்க.

ஸ்பீக்கர் சத்தத்தைப் பொறுத்தவரை ஜன்னலை மட்டும் பார்த்தா பத்தாது. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு காலைல 6-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் 55 டெசிபெல், ராத்திரி 45. ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 வரைக்கும் வெளிய ஒலிபெருக்கி கூடாது, திருவிழா மாதிரி சமயத்துக்கு வருஷத்துல 15 நாளுக்கு மிகாம 12 மணி வரைக்கும் அரசு விலக்கு குடுக்கலாம். எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடி மாசம் குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு நேரா எங்க ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தாங்க. என் மனைவியே போய் கமிட்டி பெரியவர்கிட்ட, ஐயா நான் நைட் டூட்டி நர்ஸ், பாட்டை நிறுத்த வேணாம், குழாயை மட்டும் கொஞ்சம் கோயில் பக்கம் கீழ சாய்ச்சுக் கட்டித் தர முடியுமான்னு கேட்டாங்க. அவர் அன்னைக்கே ஆள விட்டு மாத்திட்டார், அடுத்த நாள் கூழ் ஊத்தும்போது ஒரு சொம்பு வீட்டுக்கும் குடுத்து விட்டார். குழாய் ஸ்பீக்கர் நேரா பார்க்கற திசைலதான் அதிகமாக் கேக்கும், திருப்பினாலே பெரிய வித்தியாசம்.

ரப்பர் பீடிங் காலத்துக்கும் நிக்காது. வருஷம் ஒரு தடவை, நாங்க ஆடி பொறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பார்ப்போம், எல்லா ஷட்டர்லயும் அந்தப் பேப்பர் துண்டு சோதனை. வழுக்கிக்கிட்டு வந்தா அந்த இடத்து ரப்பரை விரலால அமுக்கிப் பாருங்க, திரும்ப எழும்பலன்னா அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு புதுசு ஒட்டுங்க, ஒரு மீட்டர் ரப்பர் எப்பவும் வீட்ல எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கங்க, அடுத்த தடவை கடைக்குப் போனா அதே சைஸ் கிடைக்காது.